கனாத், கரேஸ், ஃபலாஜ்: வறண்ட நிலத்தின் சுரங்க வாய்க்கால்கள் ஏன் வற்றின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் தமிழ் வாசிப்புக் கூட்டத்தில் ஈரானின் சுரங்க வாய்க்கால்களைப் பற்றிப் பேசியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஐந்தாம் படிவ மாணவர்கள் புவியியல் பாடத்துக்காகக் கேட்கிறார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வேர் உள்ள பெரியவர்கள் ஊர்க் கண்மாயை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கனாத் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மலையடிவாரத்தில் நிலத்துக்குள் தேங்கியிருக்கும் நீரை, வாட்டத்தை, அதாவது சரிவை மட்டும் நம்பி, தொலைவில் இருக்கும் ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கம்தான் கனாத். பம்பு கிடையாது, ஏற்றம் கிடையாது, மாடு கட்டி இறைப்பதும் கிடையாது.

வேலை இப்படி நடக்கும். முதலில் மலையடிவாரத்தில் ஆழமாக ஒரு கிணறு தோண்டி நீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதுதான் தாய்க்கிணறு. நீர் கிடைத்ததும், அது எந்த இடத்தில் தானாகத் தரைக்கு மேலே வரும் என்று கணக்குப் போடுவார்கள். அந்த இடத்திலிருந்து தாய்க்கிணற்றை நோக்கி, கீழிருந்து மேலாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் 20, 30 மீட்டருக்கு ஒரு குழி செங்குத்தாக இறங்கும். மண்ணை வெளியே எடுக்கவும், காற்று உள்ளே வரவும், பிறகு தூர்வாரவும் அந்தக் குழிதான் வழி. விமானத்திலிருந்து பார்த்தால் பாலைவனத்தில் வரிசையாக மண் மேடுகள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி இருக்கும்.

வாட்டம்தான் இதில் உயிர். பொதுவாக 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம், சில இடங்களில் அதற்கும் குறைவு. இறக்கம் கூடினால் நீர் வேகமெடுத்துச் சுவரை அரித்துச் சுரங்கத்தைச் சரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துவிடும். ஈரானின் குனாபாத் ஊரில் உள்ள கசபே கனாத் சுமார் 33 கிலோமீட்டர் நீளம், 400க்கும் மேற்பட்ட குழிகள். அதன் தாய்க்கிணறு 300 மீட்டர் ஆழத்தையும் தாண்டுகிறது. பினாங்கின் உயரமான கொம்தார் கட்டடத்தைவிட அதிகமான ஆழம் அது. 2,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்கிறார்கள், இன்றும் நீர் வருகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? ஊருக்குப் பக்கத்திலேயே கிணறு வெட்டினால் போதாதா?

ஊருக்குப் பக்கத்தில் நீர் மிக ஆழத்தில் இருக்கும், அல்லது உப்பாக இருக்கும். கிடைத்தாலும் அதை வயலுக்கு இறைத்து ஊற்ற யாரால் முடியும்? கனாத்தில் நீர் இரவும் பகலும் தானாக வருகிறது.

இன்னொரு காரணம் வெயில். சீனாவின் துர்ஃபான் பள்ளத்தாக்கில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆவியாகக்கூடிய அளவோ அதைப் போல நூறு மடங்குக்கும் மேல். அங்கே திறந்த வாய்க்காலில் நீரை விட்டால் பாதி வழியிலேயே போய்விடும். அதனால்தான் வாய்க்காலையே மண்ணுக்குள் வைத்தார்கள். துர்ஃபான் திராட்சை அந்த நீரில் விளைந்ததுதான்.

எந்தெந்த நாடுகளில் இருக்கிறது?

ஈரானில் கனாத், ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், சீனாவின் மேற்கில் கரேஸ், ஓமானிலும் அமீரகத்திலும் ஃபலாஜ், அல்ஜீரியாவில் ஃபொகாரா, மொராக்கோவில் கெத்தாரா. அமைப்பில் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. ஓமானில் ஊற்றிலிருந்தும் ஓடைப் படுகையிலிருந்தும் நீர் எடுக்கும் திறந்த வாய்க்கால்களையும் ஃபலாஜ் என்றே சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் பொதுவாகக் கனாத் என்றே எழுதுகிறேன்.

யார் தோண்டினார்கள்?

இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. எந்த மன்னர் கட்டினார் என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

ஈரானில் முகன்னி என்று ஒரு தொழிலாளர் கூட்டம் உண்டு. அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் தொழில். ஒருவர் குனிந்து போகிற அளவே உள்ள சுரங்கத்தில் சிறு கடப்பாரையும் மண்வெட்டியுமாக வேலை. மேலே இராட்டினத்தில் இருவர் நின்று மண் நிறைந்த தோல்பையை இழுப்பார்கள். திசை தவறாமல் இருக்க, பின்னால் இரண்டு எண்ணெய் விளக்குகளை வரிசையில் வைத்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் கோட்டிலேயே வெட்டுவார்கள். விளக்கு மங்கினால் காற்று கெட்டுவிட்டது, உடனே வெளியேற வேண்டும். மண் இளகலாக இருந்தால் சுடுமண் உறைகளை ஒன்றை ஒட்டி ஒன்றாக நிறுத்திச் சரிவைத் தடுப்பார்கள். நம் ஊர் உறைகிணறு பார்த்தவர்களுக்கு இது புரியும். ஈரானில் அந்த உறையைப் படுக்கை வாட்டில் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

முகன்னிகள் வெள்ளை உடை உடுத்தி இறங்குவது வழக்கம். இருட்டில் தெரியும் என்பது ஒரு காரணம். அங்கேயே மண் சரிந்தால் அதுவே சவத்தைப் போர்த்தும் கஃபன் துணியாகட்டும் என்பது இன்னொரு காரணம் என்று சொல்வார்கள். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

சகாராவில் நிலைமை இன்னும் கொடுமை. அல்ஜீரியாவின் துவாத், குராரா பாலைச்சோலைகளில் ஃபொகாராக்களை வெட்டியதிலும் பராமரித்ததிலும் பெரும்பங்கு அடிமைகளுடையது, அவர்கள் வழிவந்தவர்களுடையது. கனாத்தைப் புகழும்போது இதை மறைக்கக் கூடாது. காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் முன்னோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை என்பது தெரிந்த நமக்கு, இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அரசர்கள் ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தார்கள், சட்டத்தால். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஒரு செய்தி சொல்கிறார்: நீர் இல்லாத நிலத்துக்கு நீர் கொண்டுவருபவருக்கு அந்த நிலத்தை ஐந்து தலைமுறைக்கு அனுபவிக்கும் உரிமையைப் பாரசீகர்கள் கொடுத்தார்கள். தோண்டி முடிக்கவே பல ஆண்டுகள் ஆகும் வேலைக்கு, பேரன் காலம் வரை பலன் உண்டு என்றால்தானே ஒருவன் பணத்தைப் போடுவான்.

தண்ணீரை எப்படிப் பங்கு போட்டார்கள்? சண்டை வராதா?

வரும். அதனால்தான் அவ்வளவு நுட்பமாக அளந்தார்கள். என்னைக் கேட்டால் சுரங்கத்தைவிட இந்தப் பங்கீடுதான் பெரிய சாதனை.

ஈரானில் நேரத்தால் பங்கு. அடியில் சிறு துளை உள்ள செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். அது நிரம்பி மூழ்க ஆகும் நேரம் ஓர் அளவு. இவருக்கு இத்தனை கிண்ணம், அவருக்கு இத்தனை கிண்ணம். நம் நாழிகை வட்டிலும் இதே வழியில் வேலை செய்ததுதான். கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊர் நம்பும் ஓர் ஆள் இரவும் பகலும் உட்கார்ந்திருப்பார். மிராப் என்ற நீர் அதிகாரி முறையை நடத்துவார். நம் ஊரில் கண்மாய் நீரை முறைப்படி வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்க்கட்டியைப் போன்ற பொறுப்பு.

ஓமானில் பகலில் நட்ட கோலின் நிழலையும் இரவில் விண்மீன்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். ஒரு பங்கு பெரும்பாலும் அரை மணி நேரம். ஃபலாஜுக்கென்றே சில பங்குகளை ஒதுக்கி, அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தில் தூர்வாருவார்கள். அதாவது பராமரிப்புச் செலவுக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. தண்ணீரே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

அல்ஜீரியாவில் நேரம் இல்லை, அளவு. சுரங்கம் வெளியே வரும் இடத்தில் சீப்புப் பற்களைப் போன்ற கல் தடுப்பு ஒன்று நீரைப் பல கிளைகளாகப் பிரிக்கும். துளையிட்ட தகட்டை வைத்து ஒவ்வொருவர் பங்கையும் அளந்து கணக்கில் ஏற்ற நீர் அளப்பவர்கள் இருக்கிறார்கள். 2018இல் யுனெஸ்கோ அவர்களுடைய அறிவை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சுரங்கம் இருந்தும் அளக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொண்டது.

சரி, எல்லாருக்கும் சமப் பங்கா? இல்லவே இல்லை. பணம் போட்டவருக்கு அதிகம், இல்லாதவருக்குக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் யாருக்கு எவ்வளவு என்பது ஊரறிய இருந்தது.

மழை குறைந்ததால்தானே கனாத்துகள் வற்றின?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். மழைக்கும் பங்கு உண்டு. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளில் எத்தனையோ பஞ்சங்களைக் கடந்து வந்தவை, ஓர் அறுபது எழுபது ஆண்டுக்குள் கூட்டம் கூட்டமாக வற்றியதற்கு மழையை மட்டும் காரணம் காட்ட முடியாது. முதல் காரணம் பம்பு.

குடம் நிறைந்து விளிம்பில் வழிவதை மட்டும் ஏந்திக்கொள்வது கனாத். குடத்தின் அடிவரை உறிஞ்சுவது ஆழ்துளைக் கிணறு. கனாத்தின் சுரங்கம் ஒரே மட்டத்தில் நிலையாக இருக்கிறது. நிலத்தடி நீர் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கும்வரைதான் நீர் வரும். வறட்சி வந்தால் தானாகவே குறைவாக வரும், நல்ல மழை பெய்தால் கூடும். நிலம் எவ்வளவு கொடுத்ததோ அதற்கு மேல் எடுக்க மனிதன் நினைத்தாலும் அதனால் முடியாது. பம்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நீர் 10 மீட்டர் இறங்கினால் குழாயை 20 மீட்டர் இறக்கலாம். பக்கத்து நிலத்தில் ஒருவர் போர் போட்டு நீர்மட்டத்தைத் தாய்க்கிணற்றுக்குக் கீழே இறக்கிவிட்டால், கனாத்தை நம்பிய மொத்த ஊரும் வெறும் வாய்க்காலைப் பார்த்து நிற்கும்.

இது நடக்கக் கூடாது என்றுதான் பழைய சட்டத்தில் கனாத்தைச் சுற்றி ஒரு காப்பு எல்லை இருந்தது. அதற்குள் யாரும் புதுக் கிணறு வெட்டக் கூடாது. கைக்கிணறு காலத்துக்கு அந்தத் தூரம் போதும். நூறு, இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கும் இயந்திரத்துக்கு எப்படிப் போதும்? போதாத அந்த எல்லையையும் பல இடங்களில் மதிக்கவில்லை.

இரண்டாவது காரணம், பராமரிக்க ஆள் இல்லாமல் போனது. ஈரானில் 1962இல் நிலச் சீர்திருத்தம் தொடங்கியது. பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பிரித்துக் குத்தகைதாரர்களுக்குக் கொடுத்தார்கள். நியாயமான நோக்கம்தான். ஆனால் கனாத்தைத் தூர்வாரும் செலவை அதுவரை பண்ணையார்தான் ஏற்றிருந்தார். அவர் போனதும் அந்தப் பொறுப்பை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. சிறு விவசாயிகள் கூடிப் பணம் போடும் முன்பே, வசதி உள்ளவர்கள் தனித்தனியாகப் பம்பு வாங்கிவிட்டார்கள். 1968இல் நீர்வளம் முழுவதும் அரசுடைமை ஆனது. ஊரின் கையில் இருந்த முடிவு அலுவலகத்துக்குப் போயிற்று. முகன்னியின் மகன் டெஹ்ரானில் கட்டட வேலைக்குப் போனான், தந்தையின் கைத்திறனும் அத்தோடு நின்றது. தமிழ்நாட்டில் ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து எப்படிக் கைவிட்டுப் போனது என்று அறிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

மூன்றாவது, மலிவு மின்சாரம். பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அரசு மானிய விலையில், எவ்வளவு இறைத்தாலும் ஒரே கட்டணத்தில் மின்சாரம் கொடுத்தது. மோட்டாரை நிறுத்த யாருக்கும் காரணமே இல்லாமல் போயிற்று. குவெட்டாவைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள் பெருகின, நீர்மட்டம் பாதாளத்துக்குப் போனது, கரேஸ்கள் வறண்டன. இப்போது அந்த ஆப்பிள் மரங்களுக்கும் நீர் இல்லை.

அணைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொராக்கோவின் தஃபிலாலத் பகுதிக்கு மேலே சிஸ் ஆற்றில் 1971இல் அணை எழுந்தது. அதுவரை ஆற்று வெள்ளம் பரவி மண்ணுக்குள் இறங்கி கெத்தாராக்களை ஊட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் நின்றது, கூடவே பம்புகளும் வந்தன.

அப்படியென்றால் பம்பு போட்ட விவசாயியைக் குற்றம் சொல்கிறீர்களா?

இல்லை. பிள்ளை பசியோடு இருக்கும்போது முறை வரும்வரை பன்னிரண்டு நாள் காத்திரு என்று எந்த வாயால் சொல்வது? பம்பு போட்டவருக்கு வேண்டும்போது நீர் கிடைத்தது, பருத்தி போட முடிந்தது, கையில் காசு புழங்கியது. கனாத் குளிர்காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், அது வீண் என்று பொறியாளர்கள் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு.

என் கோபம் வேறு இடத்தில். பம்புக்குக் கடனும் மானியமும் கொடுத்த அரசுகள், எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்க யாரையும் நியமிக்கவில்லை. முதலில் ஆழமாகப் போடப் பணம் உள்ளவர் ஜெயிப்பார், மற்றவர் நிலத்தை விற்பார். டெஹ்ரானுக்குத் தென்மேற்கே உள்ள சமவெளி சில இடங்களில் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டருக்கும் மேல் அமிழ்ந்துகொண்டிருப்பதை அளந்திருக்கிறார்கள். நீர் போனதும் களிமண் அடுக்கு நசுங்கிவிடுகிறது. பிறகு எத்தனை மழை பெய்தாலும் முன்பிருந்த இடம் உள்ளே இருக்காது.

போரும் நிலநடுக்கமும் அழிக்கவில்லையா?

அழித்தன. ஆப்கானிஸ்தானில் பல பத்தாண்டுப் போரில் கரேஸ்கள் இடிந்தன, தூர்வாருவோர் அகதியானார்கள். 2003 டிசம்பரில் ஈரானின் பாம் நகரைத் தகர்த்த நிலநடுக்கம் பேரீச்சந்தோப்புகளுக்கு நீர் தந்த கனாத்துகளையும் உடைத்தது. ஆனால் இடிந்ததைத் திரும்ப வெட்டலாம், வெட்டியும் இருக்கிறார்கள். நீர்மட்டம் இறங்கியதற்குத்தான் மருந்து இல்லை. ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்ட் மாகாணத்தில் இப்போது சூரிய ஒளிப் பம்புகள் பரவிவிட்டன. டீசல் செலவாவது முன்பு கொஞ்சம் தடுத்தது. வெயிலுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

எங்கள் தாத்தா ஊர் ராமநாதபுரம். அங்கே ஏன் இது இல்லை?

கனாத்துக்கு மலையடிவாரமும், அங்கிருந்து நீளமாக இறங்கும் வண்டல் நிலமும் வேண்டும். ராமநாதபுரம் தட்டை. அங்கே பெய்கிற மழையைக் கண்மாயிலும் ஊரணியிலும் பிடித்து வைப்பதுதான் சரியான வழி, அதைத்தான் நம் ஆட்கள் செய்தார்கள்.

நெருங்கிய உறவு பாலாற்றுப் பக்கம் உண்டு. மேலே காய்ந்து கிடக்கும் ஆற்றின் மணலுக்குள் நீர் ஓடும். அதை ஆற்றுப்படுகையில் வாட்டமாக வெட்டிய ஊற்றுக்கால்கள் வழியே வயலுக்குக் கொண்டுவந்தார்கள். மணல் அள்ளியதாலும், கரையோரப் பம்புகளாலும், தோல் பதனிடும் ஆலைக் கழிவாலும் அவையும் பெரும்பாலும் போயின. கேரளத்தின் காசர்கோடு பக்கம் செம்பாறைக் குன்றுகளைக் குடைந்த சுரங்கங்கள் இன்றும் வீடுகளுக்கும் பாக்குத் தோட்டங்களுக்கும் நீர் தருகின்றன. அது நல்ல மழை நிலம். அங்கேயும் போர்வெல் வந்தபின் புதிதாகக் குடைபவர்கள் குறைந்துவிட்டார்கள். தக்காணத்தில் பாரசீகத் தொடர்போடு வந்த உண்மையான கரேஸ்கள் பீதரிலும் புர்ஹான்பூரிலும் இருக்கின்றன. ஔரங்காபாத்தின் நிலத்தடி நீர்வழிகளைத் தொடங்கியவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் ஆட்சியை நடத்தும் அளவுக்கு உயர்ந்தவர்.

பினாங்கில் மழை கொட்டுகிறது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் வீட்டுக் குழாயில் வரும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவில் பிறக்கிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் தீவில் இருந்தாலும் அவற்றின் பங்கு சிறியது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள உலு மூடா காட்டில் மரம் வெட்டினால், கெடா வயல்களுக்கு நீர் தேவை கூடினால், அதன் விளைவு பினாங்கின் பிறை ஊரில் இருக்கும் நமக்கு வந்து சேரும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் எவ்வளவு என்பதில் இரு மாநிலங்களுக்கும் பல ஆண்டுகளாகத் தகராறு நடக்கிறது. பணம் கொடு, கொடுக்க மாட்டேன் என்ற பேச்சுத்தான் செய்தியில் வருகிறது. காட்டைக் காக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஃபலாஜின் சில பங்குகளை ஃபலாஜுக்கே ஒதுக்கி வைத்த ஓமான் ஊர்க்காரர்கள் அந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு ஆலையில் வால்வு மாற்றும் பணிக்காக நான்கு நாள் குழாய் நின்றது. வாளியும் தொட்டியுமாக அலைந்த அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். நீர் எங்கிருந்து வருகிறது என்று என் தெருவில் பலர் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான்.

பழைய கனாத்துகளை மீட்க முடியுமா?

சில இடங்களில் முடியும். சுற்றியுள்ள பம்புகளுக்கு வரம்பு வைக்க ஊர் ஒப்புக்கொண்டால் மட்டும். தூர்வாரிவிட்டு, பக்கத்திலேயே போர் போட அனுமதித்தால் சுரங்கம் சுத்தமாக இருக்கும், காய்ந்தும் இருக்கும். யுனெஸ்கோ 2006இல் ஓமானின் ஐந்து ஃபலாஜ்களையும் 2016இல் ஈரானின் பதினொரு கனாத்துகளையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. நல்லது. ஆனால் பட்டயம் நீர் சுரக்காது. ஓமானில் சுமார் 3,000 ஃபலாஜ்கள் இன்னும் பயன்பாட்டில் இருப்பதற்கு, பங்கு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் அந்த நீரில் பேரீச்சை வளர்ப்பது முக்கியக் காரணம். பீதரின் நௌபாத் பகுதியில் மண் மூடிக் கிடந்த கரேஸை அண்மை ஆண்டுகளில் தூர்வாரித் திறந்தார்கள். அதன் மேலே வீட்டுமனைகள் பெருகாமல் காப்பதுதான் இனி கடினமான வேலை.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே போகலாம்?

இந்தியா போகிறவர்களுக்குப் புர்ஹான்பூரின் குண்டி பண்டாரா வசதி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர் காலத்தில் வெட்டியது, உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஈரானின் யஸ்த் நகரில் கனாத்துக்கென்றே நீர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓமான் போனால் நிஸ்வாவுக்குப் பக்கத்தில் ஃபலாஜ் தாரிஸ் சாலையோரத்திலேயே ஓடுகிறது. அங்கே நீர் வெளிவரும் முதல் இடம் குடிநீருக்கு. பள்ளிவாசலும் குளிக்கும் துறைகளும் அதற்குக் கீழே, வயல்கள் கடைசியில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், காலை நனைக்கக் கீழ்த்துறைக்கு அழைத்துப் போங்கள்.